திருநெல்வேலியில இருந்து டைனோசர் பாக்கப் போறவங்க கேக்குற கேள்விகள்

பொங்கல் லீவுல அம்பாசமுத்திரத்துல இருந்து கார்ல கிளம்பி, சிறுமலை பச்சமலைன்னு ரெண்டு மலை ஏறி இறங்கி, பெரம்பலூர் அரியலூர் பக்கம் போயி பழைய காலத்து படிமம் (மண்ணுல புதைஞ்சு கல்லாப் போன உயிரினங்க) எல்லாம் பாத்துட்டு வந்தோம். கார்ல அஞ்சு பேரு. நான், அக்கா, அத்தான், ரிட்டையர்ட் ஆன சித்தப்பா, அப்புறம் இந்த ட்ரிப்புக்கே காரணமான அக்கா மவன், ரெண்டாங்கிளாஸ் படிக்கான், சொந்தக்காரங்க பேரு பாதி தெரியாது ஆனா டைனோசர் பேரு நாப்பது ஒப்பிப்பான். வந்த நாள்ல இருந்து தெருவுல, கல்யாண வீட்டுல, ஆபீஸ்லன்னு எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்காவ. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா டைப் பண்ணிட்டேன்.

தமிழ்நாட்டுல நெசமாவே டைனோசர் இருந்துச்சா, இல்ல சும்மா அடிச்சு விடுறாங்களா?

இருந்துச்சு அண்ணாச்சி. அரியலூர் பக்கத்துல கல்லமேடுன்னு ஒரு ஊரு. வெள்ளைக்காரன் காலத்துலயே, 1860கள்ல ப்ளான்ஃபோர்டுன்னு ஒருத்தர் அந்த ஏரியாவ கல் கல்லா பாத்து மேப் போட்டப்பவே அங்க ஊன் தின்னுற டைனோசரோட பல்லு ஒண்ணு கெடச்சிருக்கு. அதுக்கப்புறம் 1920கள்ல மேட்லின்னு இன்னொருத்தர் வந்து தோண்டி எலும்புங்க எடுத்திருக்காரு. 2013ல கூட அதே கல்லமேட்டுல இருந்து ட்ரூடான்டிட்ங்கிற சின்ன வகை டைனோசரோட பல்லு ஒண்ணு கெடச்சதா வெளியிட்டாங்க. ஒரே ஒரு பல்லுதான், ஆனா அந்த வகை இந்தியாவுல இருந்துச்சுன்னே அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது. எல்லாம் சுமார் 7 கோடி வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம்.

அப்போ போனா முழு எலும்புக்கூடு பாக்கலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி, தெளிவா சொல்லிருதேன். பாக்க முடியாது. நாங்க இதை மொதல்லயே பயகிட்ட சொல்லாம கூட்டிட்டுப் போனதுதான் நாங்க செஞ்ச பெரிய தப்பு. நாலு நாளா கார்ல "எலும்பு எப்ப வரும் மாமா, எலும்பு எப்ப வரும் மாமா"ன்னு என் காதுல ஊதிக்கிட்டே வந்தான்.

ஆனா ஏன் இல்லைங்கிற கதை இருக்கே, அது எலும்பை விட சுவாரசியம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு விஞ்ஞானிங்க கல்லமேட்டுல ஒரு பிரம்மாண்டமான ஜந்துவோட எலும்புகளைக் கண்டுபிடிச்சு 1987ல அதுக்கு ப்ருஹத்காயோசாரஸ் மேட்லேயின்னு பேரு வச்சாங்க. ப்ருஹத்காயம்னா பெரிய உடம்பு, சமஸ்கிருதம். பின்னாடி இருக்கிற மேட்லேய், மேல சொன்ன அந்த மேட்லி ஞாபகமா. அதோட கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். எங்க அத்தான் ஆறடி, அவரை நிக்க வச்சாலும் அந்த ஒரு எலும்பு அவரு தலைக்கு மேல போயிரும். அர்ஜென்டினாவுல கெடச்ச அர்ஜென்டினோசாரஸ்னு ஒண்ணு, உலகத்துலயே பெருசுன்னு சொல்லுவாங்க, அதோட கீழ்க்கால்ல உள்ள ஒரு எலும்பு ஒன்றரை மீட்டருக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அப்போ நம்மூரு ஆளு சைஸை கணக்குப் போட்டுக்கோங்க.

சரி, அந்த எலும்பு இப்ப எங்கன்னா, இல்ல. மண்ணுல இருந்து எடுக்கையிலயே பொலபொலன்னு இருந்திருக்கு, ஈரம் பட்டுப் பட்டு உதிர்ந்து கடைசியில ஒண்ணுமே மிஞ்சல. மிஞ்சினது கொஞ்சம் படமும் எழுதி வச்ச அளவும்தான். அதனால வெளிநாட்டுல சில பேரு, அது எலும்பே இல்ல, கல்லாப் போன மரத்தைப் பாத்து ஏமாந்துட்டாங்கன்னு கூட சொன்னாங்க. 2022ல அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் சேந்து தோண்டுன சமயத்து பழைய போட்டோக்களை வெளியிட்ட பிறகுதான், சரி எலும்புதான் போலன்னு பேச்சு திரும்பிச்சு. உலகத்துலயே பெரிய மிருகம் நம்மூர்ல இருந்திருக்கலாம், ஆனா கையில காட்ட ஒரு துண்டு இல்ல. இதைக் கேட்டதும் சித்தப்பா சொன்னாரு, "நம்ம வீட்டுப் பழைய பத்திரம் கரையான் தின்ன கதைதாம்ல இது."

முழு எலும்புக்கூடுதான் வேணும்னா ஹைதராபாத் பிர்லா சயின்ஸ் மியூசியத்துல கோட்டாசாரஸ் நிக்குது, அதுக்கும் பேரு வச்சது இதே யாதகிரிதான். கல்கத்தாவுல பாராபாசாரஸ் இருக்கு. அது வேற ட்ரிப்.

அப்புறம் எதுக்குய்யா அவ்வளவு தூரம் போகணும்?

கடல் பாக்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். டைனோசர் ஓடித் திரிஞ்ச காலத்துல அரியலூர் பெரம்பலூர் பக்கம் கடல் உள்ள வந்து நின்னுச்சு. அந்தக் கடலோட அடித்தரை அப்படியே மேல வந்து காஞ்சு கெடக்கு, நீங்க செருப்பு போட்டுக்கிட்டு அது மேல நடக்கலாம். எலும்பு பாக்கப் போனா ஏமாறுவீங்க, கடல் பாக்கப் போனா அசந்துருவீங்க.

கடல் எப்படி அரியலூருக்குள்ள வந்துச்சு?

எனக்குப் புரிஞ்ச அளவுக்கு சொல்லுதேன். ஒரு காலத்துல இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கெடந்துச்சு, கோண்டுவானான்னு சொல்லுவாங்க. அது பிச்சுக்கிட்டுப் போகையில நம்ம கிழக்குக் கரையில தரை விரிசல் விட்டு தாழ்ந்து போச்சு, அந்தப் பள்ளத்துக்குள்ள கடல் ஏறிருச்சு. சுமார் 11 கோடி வருஷத்துக்கு முன்னால இருந்து, டைனோசர் அழிஞ்ச 6.6 கோடி வருஷம் வரைக்கும், அதுக்குக் கொஞ்சம் பிந்தியும், கடல் ஏறுறதும் இறங்குறதுமா வண்டல் படிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. செத்த சிப்பி, சங்கு, நத்தை, மீனு, சுறாப்பல்லு எல்லாம் அதுல அடுக்கடுக்கா மாட்டிக்கிச்சு. கரையில இருந்த டைனோசர் ஒண்ணு ரெண்டும் ஆத்து மண்ணுல மாட்டிருக்கு, அதான் கல்லமேடு.

அந்த சிப்பி சங்கு சுண்ணாம்பு எல்லாம் சேந்ததுதான் இன்னைக்கு அரியலூர் சுண்ணாம்புக்கல்லு. அதான் அங்க சிமெண்ட் ஃபேக்டரி அத்தனை. யோசிச்சுப் பாருங்க, நம்ம வீட்டு காங்கிரீட்டுல எவ்வளவு பழைய சிப்பி கெடக்குன்னு.

நம்ம திருநெல்வேலியில, பொதிகை மலையில எல்லாம் டைனோசர் எலும்பு கெடைக்காதா?

கெடைக்காது. பொதிகை, பாபநாசம், குத்தாலம் மலை எல்லாம் பூமிக்கு ரொம்ப ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து உருவான பாறை, வயசு 50 கோடி வருஷத்துக்கு மேல. டைனோசர் பொறக்கிறதுக்கு எவ்வளவோ முன்னாடியே அது வெந்து முடிஞ்சிருச்சு, அதுக்குள்ள எலும்பு எங்கேருந்து வரும். அந்தப் பக்கம் திசையன்விளை சாத்தான்குளம் தேரிக்காட்டு செம்மண்ணு, அது நேத்து வந்தது மாதிரி, ரொம்ப இளசு. நம்ம ஜில்லாவுக்கு ஒண்ணு ரொம்பக் கிழடு, இன்னொண்ணு ரொம்பக் குழந்தை, நடுவுல உள்ள வயசு அரியலூருக்குப் போயிருச்சு.

இன்னொரு ஆளு ஆதிச்சநல்லூர்ல தாழியில கெடச்சது டைனோசர் எலும்பான்னு கேட்டாரு. இல்லய்யா அது நம்ம முப்பாட்டன் எலும்பு, சில ஆயிரம் வருஷம்தான் ஆகுது. கோடிக்கும் ஆயிரத்துக்கும் வித்தியாசம் இருக்குல்லா.

எந்த ரூட்டுல போனீங்க? மலை வழியாத்தான் போகணுமா?

கட்டாயம் இல்ல. அவசரம்னா திருநெல்வேலி, கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, திருச்சின்னு நாலு வழிச் சாலையில ஒரே அமுக்கு, திருச்சி வரைக்கும் 300 கிலோமீட்டர் சொச்சம், அங்கேருந்து அரியலூர் 70. காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாடு அங்க. ஆனா அதுல டோல்கேட்டையும் காத்தாலையையும் தவிர என்ன இருக்கு.

நாங்க போனது இப்படி. அம்பையில இருந்து விடியக்காலம் அஞ்சு மணிக்கு கிளம்பி கடையம், தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, ராஜபாளையம். இந்த ரோட்டுல இடது கைப் பக்கம் மலை கூடவே வரும், மார்கழி முடிஞ்ச நேரம், மேகம் மலை இடுப்புல வேட்டி மாதிரி சுத்திக் கெடந்துச்சு. புளியங்குடியில எலுமிச்சம்பழ மூட்டை இறக்கிக்கிட்டு இருந்தாங்க, கண்ணாடியை இறக்கினா காருக்குள்ள பூரா வாசம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்காம போனா அக்கா காரை விட்டு இறங்கிருவா, அதனால அங்க அரை மணி நேரம். அப்புறம் மதுரையைத் தாண்டி திண்டுக்கல், அங்கேருந்து நத்தம் ரோட்டுல திரும்பினா சிறுமலை ஏறலாம், 18 கொண்டை ஊசி வளைவு. ஊட்டி கொடைக்கானல் மாதிரி கூட்டம் இல்ல, மேல போனா வாழையும் பலாவும் காபியும் மிளகுமா கெடக்கு. சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினோம், சின்னதா தோல் கொஞ்சம் தடிச்சு இருக்கும், தின்னா விடமாட்டீங்க, அந்த சீப்பு திண்டுக்கல் இறங்கும் முன்னாடியே காலி. ராத்திரி திண்டுக்கல்ல தங்கினோம்.

ரெண்டாவது நாள் மணப்பாறை (முறுக்கு, வேற என்ன), திருச்சி, துறையூர், அங்கேருந்து பச்சமலை. மலையாளின்னு சொல்லுற பழங்குடி மக்கள் ஊருங்க மேல இருக்கு, பேருதான் மலையாளி, பேசுறது தமிழு. ரோடு குறுகல், எதிர்ல பஸ் வந்தா பைய ஒதுங்கி நிக்கணும், ஹாரன் அடிச்சுக்கிட்டே வளையுங்க. சாயங்காலம் மேல நின்னு கிழக்கே பாத்தா பெரம்பலூர் சமவெளி பூரா தட்டையாத் தெரியுது. இங்கதான் எனக்கு மயிர்க்கூச்சு எடுத்துச்சு. ஏன்னா பச்சமலை மாதிரி கெட்டிப் பாறைதான் அந்தக் காலத்துக் கரை, அதுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்துலயே கடல் படிவம் ஆரம்பிச்சிருது. ஊட்டத்தூர்னு ஒரு ஊரு இருக்கு, அந்தப் படிவத்தோட அடி அடுக்குக்கு உலகம் பூரா புவியியல்காரங்க வச்ச பேரே அந்த ஊருப் பேருதான். பழைய கரைக்குப் பின்னால நிக்கிற மலையில இருந்து, தண்ணி வத்திப்போன கடலைப் பாக்கோம்னு சொன்னேன், சித்தப்பா மட்டும் "ஆமால"ன்னாரு, மத்தவங்க முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தாவ.

மலையில பிள்ளைங்களுக்கு வாந்தி வராதா?

வந்துச்சு. எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பை, மாத்து சட்டை. முன் சீட்டுல உக்கார வைங்க, போன் கையில குடுக்காதீங்க.

கல்மரப் பூங்கா எங்க இருக்கு? மேப்ல போட்டா வேற எங்கயோ காட்டுதே?

கல்லாப் போன மரம் கெடக்குற எடம் அது, சாத்தனூர்ங்கிற ஊருல இருக்கு. இதுல நாங்களே மாட்டினோம். பெரம்பலூர் லாட்ஜுல உக்காந்து அத்தான் போன்ல சாத்தனூர்னு மட்டும் போட்டாரு, அது பாட்டுக்கு திருவண்ணாமலைப் பக்கம் சாத்தனூர் டேமுக்கு வழி காட்டுது, அவரும் பாக்காம வண்டிய வடக்கே விட்டுட்டாரு, அரை மணி நேரம் கழிச்சுத்தான் சித்தப்பா, "ஏய்யா சூரியன் வலது கைப் பக்கம்லா இருக்கு, நம்ம எங்க போறோம்"னு கேட்டாரு. போன் சொன்னதை நம்பினோம், சூரியன் சொன்னதைக் கவனிக்கல. அதனால "சாத்தனூர் கல்மரப் பூங்கா, பெரம்பலூர்"னு முழுசா போடுங்க. திருச்சி பெரம்பலூர் மெயின் ரோட்டுல பாடாலூர் பக்கம் வந்து கிழக்கே திரும்பணும். வழியில ஊருக்காரங்ககிட்ட கல்மரம்னு கேட்டா கை காட்டுவாங்க.

அங்க என்ன இருக்கு? ஒரே ஒரு மரமா?

முக்கியமா ஒரே ஒரு மரம்தான், ஆனா அது 18 மீட்டர் நீளத்துக்கு படுத்துக் கெடக்கு, பூராவும் கல்லு. 1940ல எம்.எஸ்.கிருஷ்ணன்னு ஒரு புவியியல்காரர் கண்டுபிடிச்சது. அவரு நம்ம தஞ்சாவூர்க்காரர், பிற்பாடு புவியியல் ஆய்வுத் துறைக்கே தலைவர் ஆனாரு, அந்த நாற்காலியில உக்காந்த மொத இந்தியர். அங்க வச்சிருக்கிற போர்டுல 12 கோடி வருஷம்னு போட்டிருக்கு. பூ பூக்குற மரம் எல்லாம் பெருகுறதுக்கு முந்தின காலத்து ஊசியிலை வகை மரம்.

எப்படி கல்லாச்சுன்னா, ஆத்துல அடிச்சுக்கிட்டு வந்த மரம் கடலுக்குள்ள போயி வண்டல்ல புதைஞ்சிருது, காத்து படாததால அழுகல. தண்ணியில கரைஞ்சிருக்கிற சிலிக்கா, அதாவது மணலுக்கு மூலமான பொருளு, மரத்துக்குள்ள நுண்ணறை நுண்ணறையா ஏறி உக்காந்து, மரம் இருந்த இடத்தை அப்படியே பிடிச்சுக்குது. பொம்மை வார்க்கிற அச்சு மாதிரி இல்ல, ஒவ்வொரு செங்கலா உருவிட்டு அதே இடத்துல வேற செங்கல் வச்சு வீட்டைக் கட்டின மாதிரி. அதனாலதான் பட்டை ரேகை, கணு எல்லாம் தெரியுது. கிட்டப் போயி பாத்தா ஒரு இடத்துல கெளை முறிஞ்ச கணு இருக்கு, நம்ம வீட்டுத் தேக்குக் கதவுல வட்டமா கருப்பா இருக்கும்லா, அதே சுழி. வெயில்ல தொட்டா சுடுது, மரம் இப்படி சுடாது, அப்பத்தான் கல்லுன்னு கைக்கு உறைக்குது.

பய சுத்திச் சுத்தி வந்துட்டு, "மாமா இது டைனோசர் தின்ன மரமா"ன்னு கேட்டான். தின்னிருக்கலாம்னேன். எலும்புக் கேள்வி ஒரு மணி நேரத்துக்கு நின்னுச்சு.

காரைங்கிறது என்ன எடம்? படத்துல சந்திர மண்டலம் மாதிரி இருக்கே?

அதேதான். சாத்தனூருக்குப் பக்கத்துலயே காரை, கொளக்காநத்தம் பக்கம் ஒரு பெரிய பொட்டல். மழைத் தண்ணி அரிச்சு அரிச்சு களிமண்ணு பூரா சின்னச் சின்ன குன்றும் ஓடையுமா ஆயிருச்சு, புல்லு கூட சரியா முளைக்கல. மொத்த ட்ரிப்புலயும் எனக்குப் பிடிச்சது இதுதான், மரத்தை விட, மியூசியத்தை விட.

வண்டியை ரோட்டோரம் நிறுத்திட்டு நடந்து உள்ள போங்க. மொதல்ல கண்ணுல படுறது கண்ணாடிச் சில்லு மாதிரி மினுங்குற ஜிப்சம், களிமண்ணுக்கு நடுவுல மெல்லிசா கோடு கோடா ஓடுது. யாரோ பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டானுவன்னு அக்கா திட்டினா, அப்புறம் பாத்தா தரை பூரா அதான். அடுத்து துப்பாக்கித் தோட்டா மாதிரி கூர்ப்பா, காப்பிக் கலர்ல, சுண்டுவிரல் தடிமன்ல கல்லு கெடக்கும். பெலெம்னைட். கணவாய் மீன் சொந்தக்காரன் ஒருத்தனோட உடம்புக்குள்ள இருந்த முள்ளு. தூத்துக்குடி மார்க்கெட்ல கணவாய் கழுவையில உள்ள இருந்து வெள்ளையா ஒரு ஓடு எடுப்பாங்கல்லா, அது மாதிரி உடம்புக்குள்ளயே இருந்த பாகம்தான், ஆனா பல கோடி வருஷம் பழசு.

அப்புறம்தான் அம்மோனைட். கடல்ல இருந்து அழிஞ்சு போன, கணவாய்க்குச் சொந்தக்கார ஜந்து ஒண்ணோட ஓடு. சுருள் சுருளா, ஆட்டுக்கடா கொம்பு மாதிரி. இதை நம்ம ஆளுங்க பல பேரு பாத்திருப்பாங்க, தெரியாமலே. கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துல பூஜையில வச்சு அபிஷேகம் பண்ணுற சாளக்கிராமத்துக்குள்ள சக்கரம் தெரியும்லா, அது அம்மோனைட்தான், நேபாளத்துல கண்டகி ஆத்துல இருந்து வருது. காரையில கெடைக்கிறது வேற காலத்து வேற கல்லு, ஆனா குடும்பம் ஒண்ணு. நான் குனிஞ்சு பாத்துக்கிட்டே போகையில பய ஒரு ஓடை ஓரத்துல உக்காந்துட்டான், சத்தமே இல்ல. போயி பாத்தா களிமண்ணுல பாதி வெளிய பாதி உள்ள, ரெண்டு ரூவா காயின் அளவுக்கு ஒரு சுருளு, வரி வரியா, ஒரு இடத்துல மட்டும் முத்துச்சிப்பி உள்பக்கம் மாதிரி பளபளப்பு அப்படியே ஒட்டிக் கெடக்கு. "இது செத்துப் போயி எவ்வளவு நாளாச்சு"ன்னான். பத்துக் கோடி வருஷம் இருக்கும்லேன்னேன். விரலை வச்சு அந்த வரியை ஒண்ணொண்ணா தடவிக்கிட்டே இருந்தான்.

தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி, காலை 10 மணிக்குள்ள வெளிய வந்துருங்க. ஒதுங்க ஒரு மரம் கெடையாது. மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க, களிமண்ணு செருப்பைப் பிடிச்சா விடாது.

அந்தக் கல்லு ரெண்டை எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். கல்மரப் பூங்கா அரசு பாதுகாக்குற எடம், அங்க ஒரு சில்லு எடுக்கிறதும் திருட்டுதான். காரையில காவலுக்கு ஆளு நிக்கலங்கிறதுக்காக பையை நிரப்பிட்டு வந்தா, அடுத்து வர்ற பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அது மட்டும் இல்ல, ஒரு சுருளு எந்த அடுக்குல கெடந்துச்சுங்கிறதுதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு முக்கியம், உங்க ஷோகேஸ்ல வந்தா அது வெறும் கல்லு. போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு காயினை வச்சு எடுத்தா அளவு தெரியும். எங்க பய ஒரு மூச்சு அழுதான், விட்டுட்டுத்தான் வந்தோம்.

அரியலூர்ல டைனோசர் முட்டை கெடச்சுதுன்னு வாட்ஸப்புல வந்துச்சே?

ரெண்டு தடவை வந்துச்சு. 2009ல செந்துறை பக்கம் நூத்துக்கணக்குல முட்டை இருக்குன்னு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சொன்னாங்க, பேப்பர்ல பெரிய நியூஸ், ஆனா அது முட்டை தானான்னு மத்த விஞ்ஞானிங்களுக்கு சந்தேகம். 2020ல பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல குளம் தூர் வாரையில உருண்டை உருண்டையா கெடச்சுது, உடனே முட்டை முட்டைன்னு ஊரே திரண்டிருச்சு. வல்லுநருங்க பாத்துட்டு அது முட்டை இல்ல, அம்மோனைட்டைச் சுத்தி தாதுப்பொருள் உருண்டு திரண்டு ஆன கல்லுன்னு சொல்லிட்டாங்க. லட்டு பிடிக்கையில நடுவுல ஒரு முந்திரி இருக்கும்லா, அதைச் சுத்தி மாவு ஒட்டுற மாதிரி.

சந்தேகம் இல்லாத டைனோசர் முட்டை வேணும்னா குஜராத்துல பாலாசினோர் பக்கம் ரயோலிக்குப் போகணும்.

மியூசியம் எப்படி?

அரியலூர்ல இருந்து கீழப்பழுவூர் போற வழியில வாரணவாசியில இருக்கு. சின்னதுதான், ஆனா இதுக்குன்னே கட்டினது, படிமம் பாத்துட்டு வந்த குழப்பம் எல்லாம் அங்க தெளியும். அதனால கடைசியா போங்க, மொதல்ல போனா பேரு பேரா எழுதி வச்சிருக்கிறது மண்டையில ஏறாது. அரசு மியூசியம் நிறைய வெள்ளிக்கிழமை லீவு விடுவாங்க, அந்தக் கிழமையை விட்டுருங்க. போற வழியில சுண்ணாம்புக்கல் லாரி வரிசை கட்டி வரும், தூசி வேற, கண்ணாடியை ஏத்திக்கோங்க, ஓவர்டேக் ஆசை வேண்டாம்.

கல்லமேட்டுக்கே போக முடியுமா?

போகலாம், சாதாரண கிராமம், காடு, ஓடை. பாக்க ஒண்ணும் இல்ல. போகாதீங்கன்னுதான் அத்தானும் அக்காவும் சொன்னாங்க, எனக்கும் சித்தப்பாவுக்கும் மனசு கேக்கல. வரப்புல நின்னோம். அங்க மாடு மேச்சுக்கிட்டு இருந்த பெரியவர் "என்ன தேடுறீங்க"ன்னு கேட்டாரு. இங்க ஒரு பெரிய எலும்பு கெடச்சுதாம்னு சித்தப்பா ஆரம்பிச்சாரு. "இங்க நிறைய பேரு வந்து தோண்டுவாங்க தம்பி, நீங்க கடப்பாரை கொண்டாரலையா"ன்னாரு.

சாப்பாடு, தங்குறது, செலவு?

மொத நாளைக்கு புளியோதரையும் தேங்காத் துவையலும் வீட்டுல இருந்தே கட்டிட்டோம். பெரம்பலூர், அரியலூர் ரெண்டுலயும் சாதாரண லாட்ஜ் இருக்கு, சொகுசு எதிர்பாக்காதீங்க. காரைப் பக்கம் கடை கெடையாது. சுத்தி சுத்தி போனதுல வரப்போக ஆயிரம் கிலோமீட்டர் கிட்ட ஆச்சு, டீசல் ஐயாயிரத்துச் சொச்சம். நாலு நாள் தாராளம், மலை வேண்டாம்னா ரெண்டு நாள் போதும். கடைசி நாள் ஜெயங்கொண்டம் வழியா கங்கைகொண்ட சோழபுரம் பாத்துட்டு திரும்புங்க, அவ்வளவு பக்கத்துல வந்துட்டு விடக்கூடாது.

எந்த மாசம் நல்லது?

தை, மாசி. சித்திரை வைகாசியில அந்தப் பொட்டல்ல நின்னா நீங்களே படிமம் ஆயிருவீங்க. ஐப்பசி கார்த்திகையில மழை.

ரயில்ல போகலாமா?

போகலாம், அரியலூர் மெட்ராஸ் லைன்லதான் இருக்கு, நம்ம பக்கத்து ரயில் சிலது நிக்கும். இறங்கி ஒரு கார் பேசிக்கணும்.

ஆனா எங்க வீட்டுல அரியலூர்னாலே ஆச்சி ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திருவாங்க. 1956 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து தூத்துக்குடி வந்த எக்ஸ்பிரஸ், மழை வெள்ளத்துல அரியலூர் பக்கம் மருதையாத்துப் பாலத்துல கவுந்துச்சு. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா பண்ணினது அதுக்காகத்தான். நம்ம பக்கத்து சனம் நிறைய அந்த ரயில்ல. நாங்க கார்ல போறோம்னு சொன்ன பிறகுதான் ஆச்சி சரின்னாங்க. மருதையாத்தைத் தாண்டையில சித்தப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்னாரு, ஆத்துல தண்ணி இல்ல, வெறும் மணல்.

கடைசியா, பிள்ளைங்களுக்குப் பிடிக்குமா?

நாலாவது நாள் திரும்பி வரையில விருதுநகர் தாண்டி பய பின் சீட்டுல நோட்டுல என்னமோ வரைஞ்சுக்கிட்டு இருந்தான். எலும்பு பாக்கலைன்னு கோவமான்னு அக்கா கேட்டா. பதில் இல்ல. எட்டிப் பாத்தேன், பெருசா ஒரு டைனோசர், கழுத்து பேப்பரைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகுது, அது காலுக்குக் கீழ அலை அலையா கடல், கடலுக்குள்ள ரெண்டு ரூவா காயின் அளவுக்கு ஒரு சுருளு. அதுக்கு மட்டும் கலர் அடிச்சிருந்தான்.